வயிற்றில் இருந்தபோது பட்ட பசி

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 57. இப்போது செம்பூரில் இருக்கிறோம். கல்யாணமாகி வந்த புதிதில் தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ரூமில் இருந்தோம். 1993 ஜனவரி பம்பாய்க் கலவரத்தின்போது நான் ஆறு மாதக் கர்ப்பிணி. கர்ஃப்யூவில் கடை கிடையாது, வீட்டுக்காரருக்குத் தோல் பட்டறையில் வேலை கிடையாது. இரண்டு மூன்று வாரம் கஞ்சியும் பால் இல்லாத டீயும்தான். பக்கத்து ரூம் அக்கா எங்கிருந்தோ ஒரு பால் பவுடர் டப்பா கொண்டுவந்து கொடுத்தார்கள். ராத்திரியெல்லாம் பயத்தில் தூக்கமே இல்லை. ஏப்ரலில் பெண் பிறந்தாள். எடை ஒரு கிலோ தொள்ளாயிரம். இரண்டு வயது வரை தாய்ப்பால் கொடுத்தேன். நன்றாகப் படித்தாள், பேங்கில் வேலை பார்க்கிறாள், இப்போது ஐந்து மாதக் கர்ப்பம்.

போன வாரம் பேப்பரில், கர்ப்பத்தில் சாப்பாடு குறைந்த பபூன் குரங்குகளின் குட்டிகளுக்கு மூளை சீக்கிரம் கிழடு தட்டுகிறது என்று போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் பெண்ணுக்கும் அப்படி ஆகுமா? அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் வருமா? அவள் மாமியார், "கம்மியாகச் சாப்பிடு, பிள்ளை பெருத்தால் ஆபரேஷன்தான். குறைத்துச் சாப்பிட்டால் ஆயுளும் கூடும் என்று டிவியில் சொன்னார்கள்" என்கிறார். நானோ டப்பா டப்பாவாக நெய் உருண்டை கொண்டுபோகிறேன். யார் சரி? எனக்கும் இப்போது பெயர்கள் மறக்கின்றன. அன்றைக்கு நான் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரியாக இருந்திருக்கலாம்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் கேள்விக்குறி போட்ட வரிகளைவிட, கேள்விக்குறி இல்லாத கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. ஊரே அடைந்து கிடந்த அந்த வாரங்களில் எந்தக் கெட்டிக்காரத்தனம் உங்களுக்கு ஒரு லிட்டர் பால் வாங்கித் தந்திருக்கும்? அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் குரங்குக் கதை. பேப்பரில் பாதிதான் வந்திருக்கிறது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோவில் குரங்கு ஆராய்ச்சி மையம் ஒன்று உண்டு. அங்கே கர்ப்பமான பபூன்களில் ஒரு கூட்டத்தை வேண்டிய மட்டும் சாப்பிட விட்டார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதில் 70 சதவீதம்தான் வைத்தார்கள். பட்டினி இல்லை. பத்து இட்லி வைக்கிற இடத்தில் ஏழு. ஆனால் அந்த ஏழு இட்லிக் கணக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் இல்லை. கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்து குட்டி பால் குடிக்கும் காலம் வரை ஓடியது. அந்தக் குட்டிகள் வளர்ந்து இளவயதுக்கு வந்ததும் தலையை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். படத்தைப் பார்த்தே 'இந்த மூளைக்கு இத்தனை வயது' என்று கணிக்கும் ஒரு கணினி முறை இருக்கிறது. சாதாரண பபூன்களின் படங்களை வைத்து அதைப் பழக்கி, பிறகு இந்தக் குட்டிகளின் படத்தைக் காட்டினார்கள். 2017ல் வெளியான முடிவு இது: குறைந்த தீனியில் பிறந்த பெண் குட்டிகளின் மூளை, சராசரியாக 2.7 வயது மூத்ததாகத் தெரிந்தது. ஆண் குட்டிகளில் அந்த வித்தியாசம் இல்லை. பபூனின் ஒரு வருடம் நம் மூன்று வருடத்துக்கும் மேல் என்பதால், 2.7 என்பது சின்ன எண் இல்லை.

இவ்வளவும் உண்மை. உங்கள் தூக்கத்தைக் கெடுத்த பேப்பர் சொல்லாமல் விட்டது வேறு. அந்தச் சோதனையில் தீனி குறைக்கப்பட்ட தாய்களின் குட்டிகள் சுமார் ஒரு டஜன்தான். பெண் குட்டிகள் அதில் பாதி. அடுத்து, மூளை படத்தில் மூத்துத் தெரிவதும், அந்தக் குரங்கு எதையாவது மறந்ததும் ஒன்றில்லை. முப்பது வயதில் தலை நரைத்தவர்களை உங்களுக்கும் தெரியும், அவர்கள் எல்லாம் முப்பது வயதிலா கிழவர்கள் ஆனார்கள்? அப்புறம், அந்தத் தாய்க்கு முழுக் கர்ப்பமும் குறைவு. உங்களுக்கு இரண்டு மூன்று வாரம். நீங்கள் பட்டது சின்னக் கஷ்டம் என்று சொல்லவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்கிறேன்.

தாயின் வயிறு காய்ந்தால் அது பிள்ளையின் தலைக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது? நடுவில் நிற்கும் ஆள் கார்டிசால் என்ற ஹார்மோன். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி இதைச் சுரக்கிறது. விடிகாலையில் ஏறி நம்மை எழுப்பிவிடும், நள்ளிரவில் அடங்கும். பயம், பசி, தூக்கமின்மை மூன்றும் சேர்ந்தால் அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காது. கார்டிசாலை வில்லனாக நினைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் உயிரே தங்காது.

கர்ப்பிணியின் ரத்தத்தில் கார்டிசால் எப்போதுமே அதிகம்தான். அது அப்படியே பிள்ளைக்குப் போகாமல் நஞ்சுக்கொடி ஒரு காவல் வைத்திருக்கிறது. அங்குள்ள ஒரு நொதி, வருகிற கார்டிசாலில் பெரும்பகுதியை வீரியமில்லாத கார்டிசோனாக மாற்றிவிடும். புரதம் குறைந்த தீனி போட்ட எலிகளில் இந்தக் காவல் தளர்ந்ததைப் பார்த்திருக்கிறார்கள். சான் அன்டோனியோ பபூன்களில், தாய்க்குத் தீனி குறைந்தபோது, பிறக்கும் காலம் நெருங்கிய கருவின் ரத்தத்திலேயே கார்டிசால் கூடியிருந்தது.

கருவுக்குக் கார்டிசால் சொல்கிற செய்தி ஒன்றே ஒன்று: 'சீக்கிரம் முடி, வெளியே போக வேண்டியிருக்கிறது.' ஜூன் மழைக்கு முன்னால் தாராவியில் வேலை நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை அடை, நீலத் தார்பாலினை இழுத்துக் கட்டு, சுவர்ப் பூச்சு தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம். கருவும் அதையே செய்கிறது. நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது. செல்கள் பெருகுகிற வேலை முன்கூட்டியே நிற்கிறது. பிள்ளை பிழைத்துவிடும், பூச்சு கொஞ்சம் பாக்கி.

மூளையில் அந்தப் பாக்கி அதிகம் தெரிகிற இடம் ஹிப்போகாம்பஸ். காதுக்கு நேர் உள்ளே, சுண்டுவிரல் அளவில், கடல்குதிரை மாதிரி வளைந்திருக்கும். புது நினைவுகள் பதிவதற்கு இது வேண்டும். இதற்கு இன்னொரு வேலையும் உண்டு: கார்டிசால் போதும் போதும் என்று பிரேக் போடுவது. இங்கேதான் சிக்கல். பிரேக்கைத் தேய்ப்பதும் அதே கார்டிசால்தான். பிரேக் தேய்ந்தால் கார்டிசால் இன்னும் ஏறும், ஏறினால் இன்னும் தேயும். கென்யாவில் கூண்டுகளில் மற்றக் குரங்குகளிடம் ஓயாமல் அடிபட்டுச் செத்த வெர்வெட் குரங்குகளின் மூளையை ராபர்ட் சபோல்ஸ்கி என்ற விஞ்ஞானியும் கூட இருந்தவர்களும் பார்த்தார்கள். வயிற்றில் புண், ஹிப்போகாம்பஸில் சேதம். அது 1989. மனிதர்களில், பல வருடம் கார்டிசால் ஏறியே இருந்த முதியவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் 14 சதவீதம் சிறுத்திருந்ததாக மாண்ட்ரியாலில் 1998ல் கண்டார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் 'செல் செத்தால் செத்ததுதான்' என்று கையைப் பிசைந்தோம். பிற்பாடு தெரிந்தது, பெரும்பாலும் செல் சாவதில்லை, அதன் கிளைகள் சுருங்குகின்றன. நெருக்கடி விலகினால் அந்தக் கிளைகள் மறுபடி நீள்வதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். பாடப் புத்தகம் மாறிவிட்டது. பேப்பர்கள் இன்னும் 1989ல் நிற்கின்றன.

சரி, மாமியாரிடம் வருவோம். அவர் டிவியில் கேட்டதும் பொய் இல்லை. விஸ்கான்சினில் 1989 முதல், வளர்ந்து முடிந்த ரீசஸ் குரங்குகளுக்குத் தீனியை 30 சதவீதம் குறைத்துப் பார்த்தார்கள். அவற்றுக்குச் சர்க்கரை நோய் குறைந்தது, மூளையின் சில உட்பகுதிகள் வயதானாலும் அவ்வளவாகச் சுருங்கவில்லை. அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனம் 1987லேயே தொடங்கிய இன்னொரு சோதனையில், ஆயுள் கூடவில்லை என்று 2012ல் சொன்னார்கள். இரண்டு பக்கமும் தீனி வித்தியாசம், ஆரம்பித்த வயது வித்தியாசம். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். கவனிக்க வேண்டியது இது: நடுவயதுக் குரங்குக்கு நல்லது செய்த அதே 30 சதவீதம்தான், வயிற்றிலிருந்த குரங்குக்கு மூளையை மூப்பாக்கியது. கட்டி முடித்த வீட்டில் சாமானைக் குறைப்பது வேறு, கட்டுகிற வீட்டில் சிமென்டைக் குறைப்பது வேறு. சம்பந்தியம்மாவிடம் இதையே சொல்லுங்கள். டிவியில் சொன்னது அவருக்குப் பொருந்தலாம், மருமகளுக்குப் பொருந்தாது.

'கம்மியாகச் சாப்பிட்டால் சுகப்பிரசவம்' என்பது நம் ஊர்களில் பாட்டி காலத்திலிருந்து வரும் பேச்சு. பிரசவத்தில் தாய் செத்துப்போவதைக் கண்ணால் கண்ட தலைமுறையின் பயம் அது, அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் இன்று பிள்ளை அளவுக்கு மீறிப் பெருப்பதற்கு முக்கியக் காரணம் கட்டுப்படாத சர்க்கரை. சோற்றைக் குறைத்துப் பயனில்லை, சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

அங்கேதான் உங்கள் நெய் உருண்டையும் மாட்டிக்கொள்கிறது. கோபப்படாதீர்கள். புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் அங்குள்ள கிராமத்துப் பிள்ளைகளை இங்கிலாந்தில் பிறந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். நம் பிள்ளை 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. வயிறு, தசை எல்லாம் நம் பிள்ளைக்குச் சின்னது. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லிக்குள்ளே ஒரு குண்டு. இப்படிச் சிறுத்துப் பிறந்து பிறகு வேகமாக எடை போட்டவர்களுக்குத்தான் சர்க்கரை, பி.பி. சீக்கிரம் வருகிறது. உங்கள் மகள் ஒரு கிலோ தொள்ளாயிரத்தில் பிறந்தவள். அவளுக்கு நீங்கள் செய்யக்கூடாத ஒன்று, 1993ல் கொடுக்க முடியாததை இப்போது டப்பாவில் அடைத்துக் கொடுப்பது. ஒரு உருண்டை, ஒரு நாள். அதோடு சரி.

வேறு என்ன கொடுக்கலாம்? நம் மும்பையிலேயே, குடிசைப் பகுதிப் பெண்களை வைத்து ஒரு நல்ல ஆய்வு நடந்தது. தினமும் ஒரு நொறுக்குத் தீனி. பார்ப்பதற்குத் தெருக்கடைப் பலகாரம் மாதிரி, உள்ளே கீரை, பழம், பால். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே கொடுத்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பிள்ளையின் எடையில் பெரிய மாற்றம் இல்லை. கருத்தரிப்பதற்கு மூன்று மாதமாவது முன்னால் சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு மட்டும் பிள்ளை 48 கிராம் கூடியது. 48 கிராம் என்றால் ஒரு முட்டை எடை, ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரை கணிசமாகக் குறைந்தது. எனக்கு அதுதான் பெரிய சேதி. ஆகவே சுண்டல், முட்டை, தயிர், நெத்திலி, மாட்டுங்கா மார்க்கெட்டில் கிடைக்கிற முருங்கைக்கீரை. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்க வேண்டாம், எலுமிச்சைச் சாறோடு விழுங்கட்டும். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ளிவிடுங்கள். அடுத்த மாதம் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அந்த எண் 140ஐத் தொட்டால் பதறாமல் டாக்டர் சொல்வதைச் செய்யட்டும்.

மகளுக்கு என்ன ஆகும் என்று கேட்டீர்கள். மனிதர்களில் இதற்குக் கிடைத்த மிகத் துல்லியமான சாட்சி ஹாலந்து. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவை மறித்ததில், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரிதான் ரேஷன். அது மாதக்கணக்கில் நீடித்தது. அப்போது வயிற்றிலிருந்த பையன்கள் 19 வயதில் ராணுவச் சோதனைக்கு வந்தபோது, அறிவுத்திறனில் எந்தக் குறையும் இல்லை. அதே தலைமுறையை 58 வயது வாக்கில் மறுபடி சோதித்தார்கள். 'பச்சை' என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வார்கள். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் பஞ்சத்தைப் பார்த்தவர்கள் இதில் கொஞ்சம் பின்தங்கினார்கள். கவனம் சிதறாமல் வைத்திருக்கிற திறமையில்தான் அந்தக் குறை, நினைவாற்றலில் வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் மகள் ஆறாம் மாதத்தில் இருந்தாள், அதுவும் சில வாரங்கள். அவள் ஓட்டத்தைக் கோட்டிலிருந்து ஓரடி பின்னால் தொடங்கியிருக்கலாம். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும், அதற்கு மேல் சொல்கிறவர் சோதிடர்.

பேரப்பிள்ளை விஷயத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பெண் குழந்தைக்கு வாழ்நாளுக்கான முட்டைகள் எல்லாம் தாய் வயிற்றிலிருக்கும்போதே உருவாகிவிடும். ஆகவே இப்போது உங்கள் மகள் சுமக்கிற பிள்ளையின் பாதி, 1993 ஜனவரியில் அந்த ரூமில் உங்களோடு இருந்தது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. இந்தப் பிள்ளையின் மூளை எப்படிக் கட்டப்படும் என்பதை இன்றைக்கு உங்கள் மகளின் சர்க்கரை, ரத்தம், பி.பி., தூக்கம் இவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கும்.

இப்போது அந்தக் கடைசி வரி. கென்யாவில் கிளிமஞ்சாரோ அடிவாரத்து அம்போசெலியில் 1971 முதல் காட்டு பபூன்களைப் பெயர் வைத்துப் பின்தொடர்கிறார்கள். குட்டிக்கு வரக்கூடிய ஆறு கெட்ட காலங்களைப் பட்டியல் போட்டார்கள்: பிறந்த வருடம் வறட்சி, கூட்டத்தில் நெரிசல், தாய்க்கு அந்தஸ்து குறைவு, தாய்க்குத் துணையில்லை, உடனே தம்பி தங்கை பிறப்பது, தாய் சாவது. இதில் மூன்றோ அதற்கு மேலோ பட்ட பெண் குட்டிகள், ஒன்றுமே படாத, அல்லது ஒன்றே ஒன்று பட்ட குட்டிகளைவிடப் பத்து வருடம் முன்னால் செத்தன. அந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். அதில் தாய் செய்த தப்பு என்று ஒன்று இருக்கிறதா? வறட்சியைப் பபூன் வரவழைக்கவில்லை. கர்ஃப்யூவை நீங்கள் போடவில்லை.

அதே அம்போசெலிக்காரர்கள் 2023ல் இன்னொன்றும் சொன்னார்கள். கெட்ட காலத்தில் பிறந்த குட்டிகளிலும், வளர்ந்த பிறகு நெருங்கிய துணை உள்ளவை கூடுதலாக வாழ்ந்தன. குரங்குகளுக்குள் நெருக்கத்தை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? யார் யாருக்குப் பேன் பார்க்கிறார்கள் என்று எண்ணித்தான். சால் என்கிற வரிசை ரூம் குடியிருப்பில் மத்தியான வேளையில் வாசல்படியில் வரிசையாக உட்கார்ந்து தலை பார்த்துக்கொண்டிருந்த பெண்களை நானும் பார்த்திருக்கிறேன். விஞ்ஞானிகள் நோட்டுப் புத்தகத்தோடு கிளிமஞ்சாரோ வரை போனார்கள், சரிதான். பால் பவுடர் கொண்டுவந்த அந்த அக்காவை உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். என் கணக்கில் அவர் முக்கியமான ஆள். மகளுக்கும் இப்போது அப்படி ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். கர்ப்பத்தில் ஒன்பதாவது மாடி ஃபிளாட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிற பெண்களை இப்போது நிறையப் பார்க்கிறேன்.

உங்கள் மறதி பற்றி. பெயர் உடனே வராமல், அரை மணி கழித்துக் குளிக்கும்போது வந்தால் அது வயது. தெரிந்த தெருவில் வழி தப்பினால், சொன்ன கதையையே அன்றைக்கே மறுபடி சொன்னால், அது வேறு, உடனே வாருங்கள். என் ஓ.பி.யில் ஒரு சின்னச் சோதனை வைப்பேன்: ஒரு நிமிடத்தில் எத்தனை காய்கறிப் பெயர் சொல்ல முடியும்? போன மாதம் ஒரு அம்மா 'வெண்டைக்காய்' என்றார், நாலு காய் தள்ளி 'பேண்டி' என்றார். மராத்தியில் அதுவும் வெண்டைக்காய்தான். ஒன்றா, இரண்டா? நான் திகைத்ததைப் பார்த்துச் சிரித்து, "ரெண்டும் ஒண்ணுதான் டாக்டர், அங்க வாங்கினா பேண்டி, வீட்டுக்கு வந்தா வெண்டைக்கா" என்றார். அந்தச் சிரிப்புக்கே முழு மார்க் போட்டேன்.

நீங்கள் பார்க்க வேண்டியது பி.பி., சர்க்கரை, தைராய்டு, பி12. அத்தோடு காது. காது மந்தமானால் மூளைக்குத் தீனி குறையும், இதை யாரும் கண்டுகொள்வதில்லை. 2024ல் லான்செட் மருத்துவ இதழின் குழு கணக்கிட்டபடி, உலகில் வருகிற டிமென்ஷியா என்ற மறதி நோயில் 45 சதவீதத்துக்குக் காரணமான பதினான்கு விஷயங்களும் பிறந்த பிறகு நம் கைக்கு எட்டுகிறவை. காது, பி.பி., சர்க்கரை, தனிமை எல்லாம் அதில் உண்டு. நடங்கள். வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம். ஒரு வருடம் அப்படி நடந்த முதியவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் இரண்டு சதவீதம் பெருத்ததை 2011ல் எம்.ஆர்.ஐ.யில் காட்டியிருக்கிறார்கள். மகளையும், அவள் டாக்டர் தடை சொல்லாவிட்டால், கூட்டிக்கொண்டு போங்கள். சம்பந்தியம்மாவும் வந்தால் இன்னும் நல்லது, அவருக்கும் வயது ஆகிறது.

அடுத்த கடிதத்தில் மூன்று எண்கள் எழுதுங்கள்: மகளின் ஹீமோகுளோபின், அந்த இரண்டு மணி நேரச் சர்க்கரை, உங்கள் பி.பி.